‘நானே விழுந்துட்டேன்னு எழுதிக்குங்க’

விபத்தில் அடிபட்டவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த சில மணி நேரத்துக்குள் அந்த வீட்டுக்கு ஒரு யோசனை வந்து சேர்ந்துவிடும். “கேஸு கோர்ட்டுன்னு எதுக்கு அலையணும்? பேசி முடிச்சுக்குங்க.” சொல்பவர் பெரும்பாலும் கெட்டவரில்லை. ஊர்ப் பெரியவராக இருப்பார், சொந்தத்தில் விவரம் தெரிந்த மாமாவாக இருப்பார், சில சமயம் பக்கத்துக் கட்டில்காரராகவே இருப்பார். அந்த யோசனையில் ஒரு பெருந்தன்மையும் இருக்கிறது. அடிபட்டதோடு போகட்டும், இன்னொரு குடும்பத்தையும் சேர்த்து இழுக்க வேண்டாம் என்கிற பெருந்தன்மை. கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் கிரிமினல் வழக்கும் விபத்து இழப்பீட்டு வழக்கும் இரண்டுமே நடத்துகிறவள் நான். காலையில் ஒரு டிரைவருக்காக மாஜிஸ்திரேட் முன் நிற்பேன், மதியம் வேறொரு வண்டி மோதிக் கால் போனவருக்காகத் தீர்ப்பாயத்தில் நிற்பேன். அதனால் இந்தப் பெருந்தன்மையை நான் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். அதற்கு ஏழைகள் கொடுக்கிற விலை சில மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் இருந்தார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே வருகிறவர், இன்றைக்கும் என்னைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். விடியும் முன்னே முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் கவலையும் நெத்திலியும் சங்கராவும் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறுவார். இறங்கியபின் நடைதான். ஒரு நாளைக்கு எத்தனை தெரு நடப்பார் என்று அவரும் கணக்கு வைத்ததில்லை. திடீரென்று வருவது நின்றது. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று அம்மா நினைத்திருந்தார். வெகுநாள் கழித்து மகளின் ஜீவனாம்ச விஷயமாக என் ஆபீசுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். ஒரு கால் கட்டையாகி, கைத்தடி ஊன்றி, படியேற மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கடலூர்–பாண்டி சாலையில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு குட்டியானை லோடு வண்டி மோதியிருக்கிறது. பாண்டி வண்டி. ஓட்டிவந்தவன் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன். ஓடிவிடவில்லை. டீக்கடைக்காரரும் அவனுமாகத் தூக்கி அதே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவசரப் பிரிவு டாக்டர் “எப்படி ஆச்சு?” என்று கேட்டபோது, பையன் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தானாம். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “நானே தடுக்கி விழுந்துட்டேன்னு எழுதிக்குங்க.” மறுநாள் வண்டி ஓனர் வந்து பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். விஷயம் முடிந்தது.

“ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன். “அந்தப் புள்ளைய ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு தெருத்தெருவா கூவி மீன் விக்கிறது பாப்பா?” என்றார்.

அவன் ஜெயிலுக்குப் போயிருக்க மாட்டான்.

ஒரு விபத்து, இரண்டு வழக்கு

ஒரு வண்டி மோதி ஒருவருக்கு அடிபட்டால் இரண்டு தனித்தனி வழக்குகள் பிறக்கின்றன. ஒன்று, அரசு டிரைவர்மேல் போடும் குற்ற வழக்கு. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுவதற்கு 281ஆம் பிரிவு. அதனால் எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் ஏற்பட்டால் 125(பி), அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டு பிரிவிலும் ஜாமீன் கேட்டுப் பெறுவது டிரைவரின் உரிமை. ஸ்டேஷனிலேயே ஆள் ஜாமீன் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். உயிரே போயிருந்தாலும், பழைய 304-ஏ பிரிவின் இடத்துக்கு வந்திருக்கும் 106(1) ஐந்து ஆண்டுவரை தண்டனை சொன்னாலும் ஜாமீனில் விடக்கூடிய குற்றமாகத்தான் இருக்கிறது. மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடுகிறவர்களுக்குப் பத்து ஆண்டு என்று சொல்லும் 106(2)ஐ, லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு அரசு நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்தது. அப்படியே வந்திருந்தாலும் இந்தப் பையனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இவன் ஓடவேயில்லை.

மற்றது இழப்பீட்டு வழக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்கீழ் தீர்ப்பாயத்தில் போடுவது, நாங்கள் எம்.சி.ஓ.பி. என்போம். இதில் டிரைவருக்குத் தண்டனை என்ற பேச்சே கிடையாது. வண்டி ஓனர் ஒரு எதிர்மனுதாரர், இன்சூரன்ஸ் கம்பெனி இன்னொரு எதிர்மனுதாரர். சாலைக்கு வரும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று 146ஆம் பிரிவு சொல்வது இதற்காகத்தான். பாலிசி நடப்பில் இருந்தால் பணம் கொடுப்பது கம்பெனி, பையன் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க வேண்டியதில்லை. லைசென்ஸ் இல்லாத ஆள் ஓட்டியிருந்தால்கூட, பல வழக்குகளில் கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கட்டிவிட்டு ஓனரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும் என்றுதான் உத்தரவாகிறது. அக்காவை மோதிய வண்டிக்குப் பாலிசி இருந்தது, பையனுக்கு லைசென்ஸும் இருந்தது. வருடாவருடம் பிரீமியம் கட்டியிருக்கிறார்கள். எந்த நாளுக்காகக் கட்டினார்களோ அந்த நாள் வந்தபோது, அதைத் தொடாமலே பதினைந்தாயிரத்தில் முடித்துவிட்டார்கள்.

ஓனர்கள் ஏன் அப்படி முடிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அவர்களுக்காகவும் வழக்கு நடத்தியிருக்கிறேனே. வண்டி ஸ்டேஷனில் நிற்கும். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து ரிப்போர்ட் கொடுக்கும்வரை லோடு அடிக்க முடியாது, டியூ கட்ட முடியாது. வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. முடிந்திருந்தால் அந்தப் பயம் வேறு. ஒரே ஒரு வண்டியை வைத்துப் பிழைக்கிறவருக்கு அது நிஜமான கஷ்டம். அந்தக் கஷ்டத்தை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும்படி ஒரு மீன்காரம்மாவின் காலில் கட்டிவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அக்காவின் பயத்தை அறியாமை என்று சொல்லிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. இது கம்மாபுரம் இருக்கிற மாவட்டம். 1993இல் திருட்டு வழக்கில் விசாரணைக்கென்று அந்த ஊர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன ராஜாகண்ணு காவலில் செத்துப்போனார். அவர் மனைவி உயர் நீதிமன்றம்வரை போய்ப் போராடித்தான் சம்பந்தப்பட்ட போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ‘ஸ்டேஷனுக்குப் போனால் பையன் முழுசாகத் திரும்பி வருவானா’ என்று தோன்றுவது இயல்பு. கேப்பர் மலை ஜெயில் அவர்கள் மனதில் மிக அருகில் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆபீஸ் எங்கே இருக்கிறதென்று யாரும் காட்டியதில்லை.

அந்த ஒரு வரி

ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்கள், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு. விபத்தை டாக்டர் நேரில் பார்த்து எழுதுவதில்லை. வந்தவர் சொல்வதை ‘இப்படி நடந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று எழுதிக்கொள்வார். அங்கே வண்டி மோதியது என்று பதிவானால் போலீசுக்குத் தகவல் போகும், எஃப்.ஐ.ஆர். வரும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். அடிபட்டவருக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்று அச்சிட்ட படிவம் ஒன்றை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். 90 நாளைக்குள் விரிவான அறிக்கை. அந்த டிசம்பரிலேயே கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றைக் கறாராகப் பின்பற்றச் சொன்னது. அடிபட்டவர் வக்கீலைத் தேடி அலையத் தேவையில்லாமல் வழக்கே அவரைத் தேடி வரட்டும் என்பதுதான் இதன் நோக்கம். அந்த ஏற்பாடு முழுதும் அந்தப் பதிவேட்டின் ஒரு வரியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. ‘தானே விழுந்ததாக’ என்று எழுதிவிட்டால் ஒன்றுமே ஓடாது.

அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையில்லாத வழி ஒன்றும் சட்டத்தில் உண்டு. 164ஆம் பிரிவில் உயிரிழப்புக்கு ஐந்து லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். ஆனால் ஒரு வண்டியால் காயம் வந்தது என்றாவது காட்ட வேண்டும். அதையே அல்லவா அந்த வரி இல்லை என்கிறது.

அக்காவின் காலுக்குச் சட்டப்படி என்ன கிடைத்திருக்கும்? வாதத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வயது 48. மாத வருமானம் 12,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டதாக வைப்போம். சுயதொழில் செய்கிற 40 முதல் 50 வயதுக்காரருக்கு எதிர்கால வருமான உயர்வு 25 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பு. காயம்பட்டவர்களுக்கும் அது பொருந்தும் என்று பிறகு வந்த தீர்ப்புகள் சொல்லிவிட்டன. ஆக மாதம் 15,000, வருடம் 1,80,000. சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி அந்த வயதுக்கு வருட வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண் 13. மொத்தம் 23,40,000. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று கொண்டால் 7,02,000 ரூபாய். மருத்துவச் செலவு, வலிக்கு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கு என்பதெல்லாம் இதற்குமேல்.

அந்த 30 சதவீதத்தையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மெடிக்கல் போர்டு தருவது காலின் ஊனம். சம்பாத்தியத்தின் ஊனம் வேறு என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இடது கை போன அரசாங்க கிளார்க் வேலையில் தொடரலாம், தச்சருக்கும் டிரைவருக்கும் பிழைப்பே போய்விடும் என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் காட்டுகிறது. எனக்கு அதைவிட நெருக்கமான தீர்ப்பு 2014இல் வந்த சையத் சாதிக் வழக்கு. கால் இழந்த காய்கறி வியாபாரி அவர். ஓரிடத்தில் உட்கார்ந்தும் காய் விற்கலாமே என்று உயர் நீதிமன்றம் நினைத்திருந்தது. மொத்தக் கடைக்குப் போய்ச் சரக்கெடுத்து, வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் விற்பதுதானே அந்தத் தொழில், அதற்கு நடமாட்டம் வேண்டாமா என்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, 85 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது. வருமானத்துக்குக் காகிதம் கேட்டும் அவரை அலைக்கழிக்கவில்லை. அக்காவின் தொழிலை அறிந்து எழுதியது போலவே இருக்கும் அந்தத் தீர்ப்பு. ஏலத்துக்குப் போக முடியாத, கூடை தூக்க முடியாத, தெரு நடக்க முடியாத மீன்காரிக்கு எழுபது சதவீதம் மிச்சமிருக்கிறது என்று எந்தக் கணக்கில் சொல்வது?

இதெல்லாம் கேட்டு அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “இத அன்னிக்கு ஒருத்தரும் சொல்லலியே பாப்பா” என்றார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று ராத்திரி அங்கே டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார், எத்தனையோ பேர் இருந்தார்கள். சொல்ல வேண்டிய கடமை உள்ள ஆள் ஒருவரும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் சுற்றும் புரோக்கர் ஒருவர் கண்ணில் பட்டிருந்தால் வேறு ஆபத்து. வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வரும் பணத்தில் இத்தனை பங்கு என்று பேரம் பேசியிருப்பார். ஜெயித்தால் பங்கு என்று பீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. அப்படிப்பட்ட பேரங்களால்தான் ‘ஆக்சிடென்ட் கேஸ்’ என்றாலே ஜனங்கள் முகம் சுளிக்கிறார்கள், கௌரவமான குடும்பங்கள் ஒதுங்குகின்றன. பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கு 15100 என்று ஒரு தொலைபேசி உதவி எண்ணும் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ராத்திரியில் அவசரப் பிரிவுக்குள், பதிவேடு எழுதும் மேஜை பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் போகிற கூட்டமெல்லாம் கேட்கிறேன். முகாம் நடத்தி நோட்டீஸ் கொடுப்பது நல்லதுதான். ஆனால் எலும்பு முறிந்து கிடப்பவருக்கு அந்த நோட்டீஸ் ஞாபகம் வராது.

போனில் அவன் சொன்னது

காலம் கடந்துவிட்டதே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். 2019 திருத்தம் 166(3)இல் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடுவே செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. அது முடியும்வரை காலதாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. எஃப்.ஐ.ஆர். தாமதமானாலும் அதை மட்டும் வைத்து நம்பாமல் விடக்கூடாது என்பது 2011இல் வந்த ரவி எதிர் பத்ரிநாராயண் தீர்ப்பு. விபத்து எங்கே நடந்தாலும் தான் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம், ஆகவே பாண்டிக்கு அலைய வேண்டியதில்லை. தாண்ட வேண்டியது அந்த ஏ.ஆர். வரியைத்தான். கம்பெனி வக்கீல் முதல் நாளே அதை எடுத்து நீட்டுவார். நேரில் பார்த்த சாட்சி வேண்டும்.

“அந்தப் பையன் எங்க இருக்கான்னு தெரியுமாக்கா?” என்று கேட்டேன். தெரியுமாவா? பொங்கலுக்குப் பொங்கல் வந்து பார்க்கிறானாம். நாற்பது கிலோ அரிசி வாங்கிப் போட்டிருக்கிறானாம். என் கண்முன்னே அவனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, “தம்பி, கோர்ட்டுல உண்மையச் சொல்லணுமாம்” என்று ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடித்தார். எதிர்முனையில் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “எப்ப வரணும்னு சொல்லுங்கம்மா. அன்னிக்கே நான்தான் சொல்லியிருக்கணும்” என்றான்.

இழப்பீட்டு வழக்குக்காரியாக எனக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மோதியவனே வந்து நான்தான் மோதினேன் என்கிறான். குற்ற வழக்குகளில் டிரைவர்களுக்காக நிற்கிறவளாக எனக்கு வயிற்றைக் கலக்கியது. 125(பி) மூன்றாண்டு தண்டனைக் குற்றம் என்பதால், மூன்று ஆண்டுவரை அவன்மேல் வழக்குப் போட்டு கோர்ட் அதை எடுத்துக்கொள்ளலாம். அவன் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் நாளைக்கு அவனுக்கு எதிராகவே திரும்பலாம். குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கெதிராகவே சாட்சி சொல்ல வற்புறுத்தக்கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) ஒரு காப்புக் கொடுத்திருக்கிறது. அதை அவனிடம் சொல்லாமல் அவன் நன்றியை மட்டும் பயன்படுத்திக்கொள்வது எனக்கு முறையாகப் படவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கதை கட்டுகிறார்கள் என்று கம்பெனி சொல்லும் வாய்ப்பும் உண்டு, அப்போது அவன் மேலும் மாட்டுவான்.

போனைக் கையில் வாங்கி, “தம்பி, நான் அக்காவோட வக்கீல். உன் வக்கீல் இல்ல. நீ சொல்லப்போறது உன் மேலேயே கேஸா வரலாம். ஜெயிலுக்குப் போற அளவுக்கு வராதுன்னுதான் நினைக்கிறேன், ஆனா அத நான் உனக்குச் சொல்லக்கூடாது. பாண்டியில வேற ஒரு வக்கீலப் பாத்து, எல்லாத்தையும் சொல்லி, அவர் சொல்றதக் கேட்டுட்டு முடிவு பண்ணு” என்றேன். அக்காவுக்கு என்மேல் கோபம். வருகிறேன் என்கிறவனை நான் பயமுறுத்துவதாக நினைத்தார். பயமுறுத்தவில்லை, அன்று ராத்திரி உங்களுக்கு ஒருவரும் செய்யாததை நான் அவனுக்குச் செய்கிறேன் என்று சொன்னபோது, சற்று யோசித்துவிட்டு, “அதுவும் சரிதான்” என்றார்.

அக்காவின் இரக்கம் சரியானது என்றே இப்போதும் நினைக்கிறேன். அந்தப் பையனைக் காப்பாற்ற அவருக்குப் பொய் தேவைப்பட்டிருக்கவில்லை. வண்டி மோதியது என்று சொல்லிவிட்டு, அவன் ஓடவில்லை, அவனேதான் கொண்டுவந்து சேர்த்தான் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அந்த இரண்டாவது வாக்கியம் குற்ற வழக்கில் தண்டனையைக் குறைக்க எத்தனை உதவும் என்று டிரைவர்களுக்காக வாதாடுகிற எனக்குத் தெரியும். காயம்பட்டவரே கோர்ட்டில் வந்து, எனக்கு இந்தப் பையன்மேல் வருத்தமில்லை என்று சொன்னால் மாஜிஸ்திரேட்டுகள் கேட்காமல் இருப்பதில்லை.

மனு தயாராகிவிட்டது. எக்ஸ்ரேக்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஓனர் கைநாட்டு வாங்கிய தாளின் செராக்ஸ் எல்லாம் சேர்ந்துவிட்டன. அந்தத் தாளில் ஓனர் தன் கையாலேயே வண்டி நம்பரை எழுதியிருக்கிறார். தானே விழுந்தவருக்கு ஒரு வண்டிக்காரர் எதற்காகப் பதினைந்தாயிரம் கொடுத்தார் என்ற கேள்வியை நான் கேட்பேன். டீக்கடைக்காரர் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டார். பையன் பாண்டியில் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறான், அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவன் வந்தாலும் வராவிட்டாலும் திங்கட்கிழமை மனுவைத் தாக்கல் செய்கிறேன். அவன் பேரைச் சாட்சிப் பட்டியலில் போடாதே, வருவதாக இருந்தால் அவனாக வரட்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். போடவில்லை.